லிபரல் கிறிஸ்தவர், பழமைவாதக் கிறிஸ்தவர்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரத்தைச் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றினால் கத்தோலிக்கப் பேராலயம், மெதடிஸ்த ஆலயம், அங்கிலிக்கன் ஆலயம், வாடகை வீட்டில் கூடும் பெந்தெகொஸ்தே சபை எல்லாவற்றையும் கடந்துவிடலாம். ஒரே வீட்டில் அம்மா பூசைக்குப் போக, மகன் ஜெபக் கூட்டத்துக்குப் போவதும் இங்கே புதினமில்லை. அந்த வீடுகளில் "நீங்கள் லிபரல்", "அவர்கள் கன்சர்வேட்டிவ்" என்ற பேச்சு எழுந்தால், பெரும்பாலும் இருவரும் வெவ்வேறு பொருளில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே இந்தக் கேள்வி பதில்கள்.

லிபரல், பழமைவாதி என்ற சொற்களுக்கு என்ன பொருள்?

பழமைவாதக் கிறிஸ்தவர் கேட்பது: அப்போஸ்தலர் காலத்திலிருந்து கையளிக்கப்பட்ட விசுவாசம் இன்றைய காலத்தைப் பார்த்து என்ன சொல்கிறது? லிபரல் கிறிஸ்தவர் கேட்பது: வரலாற்று ஆய்வும் அறிவியலும் துன்பப்படும் மக்களின் அனுபவமும் நமக்குக் காட்டியிருப்பவற்றை வைத்து, அந்த விசுவாசத்தை எப்படி மறுபடி விளங்கிக்கொள்வது? முன்னவருக்கு இறுதித் தீர்ப்பு வேதத்திடமும் திருச்சபை மரபிடமும் இருக்கிறது. பின்னவர் அவற்றோடு பகுத்தறிவையும் மனச்சாட்சியையும் நீதிமன்றத்தில் உட்கார வைக்கிறார்.

இதை ஒரே கோட்டின் இரண்டு முனைகளாக எடுத்துக்கொண்டால் பிழையாகிவிடும். குறைந்தது ஐந்து தனித்தனி விடயங்கள் இதற்குள் இருக்கின்றன: வேதாகமத்தை எப்படி வாசிப்பது, விசுவாசப் பிரமாணத்தை எந்த அளவுக்கு அப்படியே ஏற்பது, ஒழுக்கம், ஆராதனை முறை, சமூகமும் அரசியலும். ஒருவர் முதலாவதில் பழமைவாதியாகவும் ஐந்தாவதில் லிபரலாகவும் இருக்கலாம். திருகோணமலையில் பெரும்பாலானோர் அப்படிக் கலந்துதான் இருக்கிறார்கள். ஆகவே யாராவது ஒருவரை "லிபரல்" என்றால், "எதில்?" என்று கேளுங்கள்.

இந்தப் பிரிவு எங்கே தொடங்கியது?

ஜெர்மனியில். 1799இல் ஷ்லையர்மாக்கர் என்ற போதகர், மதத்தை இகழ்ந்த படித்த வர்க்கத்தினரை நோக்கி, சமயத்தின் இதயம் கோட்பாடுகளில் இல்லை, இறைவனை உணரும் அனுபவத்தில் இருக்கிறது என்று வாதிட்டார். 19ஆம் நூற்றாண்டு முழுவதும் ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் வேதாகமத்தை மற்றப் பழைய நூல்களைப் போலவே ஆராய்ந்தன. அதற்கு எதிர்வினையாக 1910 முதல் 1915 வரை அமெரிக்காவில் 12 தொகுதிகளாக அடிப்படை உண்மைகளை விளக்கும் கட்டுரைகள் வெளியாகின. "அடிப்படைவாதி" என்ற சொல் 1920இல் அங்கே பிறந்தபோது அதைச் சொன்னவர்கள் பெருமையாகவே தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபைக்குள் இதே போராட்டம் வேறு வடிவம் எடுத்தது. 1907இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் "நவீனவாதத்தை" கண்டித்தார். 1943இல் பன்னிரண்டாம் பத்திநாதர் வேதாகமத்தின் இலக்கிய வடிவங்களை ஆராய வழி திறந்தார். 1962 முதல் 1965 வரை உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடி நடத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கம் பூசையை மக்கள் மொழிக்குக் கொண்டுவந்தது. இன்று பேராலயத்தில் பூசையைத் தமிழில் கேட்பது அந்தச் சங்கத்தின் பயன்.

கிட்டாரும் ட்ரம் செட்டும் வைத்துப் பாடும் சபைதானே லிபரல்?

இல்லை. இந்த ஊரில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். கைதட்டி, ஒலிபெருக்கி வைத்து, ஜீன்ஸ் போட்ட இளைஞர் பாடும் பெந்தெகொஸ்தே சபை கோட்பாட்டில் மிகவும் பழமைவாதச் சபையாகவே இருக்கும்: வேதம் பிழையற்றது, நரகம் நிச்சயம், இயேசுவை ஏற்காமல் இரட்சிப்பில்லை. மறுபக்கத்தில், அங்கி அணிந்த குருவானவர், அச்சிட்ட வழிபாட்டு முறை, தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் காலத்துக் கீர்த்தனைகள் என்று நூற்றாண்டுப் பழமையோடு நடக்கும் ஆலயத்தில், பிரசங்கம் செய்பவர் ஏசாயாவின் புத்தகத்தை மூன்று காலங்களில் எழுதப்பட்டதாகப் படித்துவிட்டு வந்தவராக இருக்கலாம். சத்தம் ஆராதனை முறையைச் சொல்லும். கோட்பாட்டைச் சொல்லாது.

அப்படியானால் ஒரு சபையின் நிலைப்பாட்டை எப்படி அறிவது?

ஒரு ஞாயிறு போய்விட்டுத் தீர்மானிக்காதீர்கள். நான்கு ஞாயிறாவது போங்கள். ஒரே பிரசங்கியாரை இரண்டு தரமாவது கேளுங்கள். கவனிக்க வேண்டியவை:

முதலில், விசுவாச அறிக்கை எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சுவிசேஷச் சபைகள் பலவற்றில் அது ஒரு பக்கத்தில் இருக்கும். "வேதாகமம் மூலப்பிரதிகளில் பிழையற்றது" என்ற வாக்கியம் இருந்தால் நிலைப்பாடு தெளிவு. கத்தோலிக்க, அங்கிலிக்கன், மெதடிஸ்த ஆலயங்களில் தனி அறிக்கை தேட வேண்டாம். ஆராதனையில் சொல்லும் அப்போஸ்தலர் அல்லது நைசீன் விசுவாசப் பிரமாணமே அது.

அடுத்தது, போதகர் எங்கே படித்தவர். மெதடிஸ்த, அங்கிலிக்கன், பப்திஸ்து சபைகளின் ஊழியர் பலர் பிலிமத்தலாவையில் 1963இல் சபைகள் சேர்ந்து தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரியில் பயின்றவர்கள். அங்கே வேதாகம விமர்சன ஆய்வும் பௌத்த, இந்து சமயங்களோடான உரையாடலும் பாடத்தின் பகுதி. கத்தோலிக்கத் தமிழ்க் குருக்கள் பலர் யாழ்ப்பாணம் புனித பிரான்சிஸ் சவேரியார் குருமடத்தில் பயின்றவர்கள். பெரிய திருச்சபைகளோடு சேராத சுதந்திர சபைகளில் சிலர் கொழும்பில் முறையாகப் படித்திருப்பார்கள், சிலர் மூத்த போதகரின் கீழ் பயிற்சி மட்டும் பெற்றிருப்பார்கள். பயிற்சி மட்டும் பெற்றவர் குறைந்தவர் என்று எண்ணவேண்டாம். ஆனால் அவர் போதனை அவருடைய மூத்த போதகரையே முழுக்கச் சார்ந்திருக்கும்.

மூன்றாவதாக, போதகரிடம் நேரே கேளுங்கள். பணிவாக, தனியாக, ஆராதனை முடிந்து ஆட்கள் போன பின். "பாஸ்டர், யோனா மீனுக்குள் இருந்தது நடந்த சம்பவமா, உவமையா?" என்ற ஒரு கேள்வி போதும். "நடந்ததுதான்" என்பவர் ஒரு வகை. "அது முக்கியமில்லை, நினிவே மீது கடவுள் இரங்கினார் என்பதே செய்தி" என்பவர் இன்னொரு வகை. கேள்வி கேட்டதற்கே கோபிப்பவர் மூன்றாம் வகை. அந்த மூன்றாம் வகையிடம் இரண்டு பக்கத்தாரும் கவனமாக இருக்க வேண்டும்.

கடைசியாக, பணக் கணக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது சபையார் முன் வைக்கப்படுகிறதா? லிபரல், பழமைவாதப் பேச்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் சபை தேடுபவர் கேட்க மறக்கக் கூடாத கேள்வி.

வேதாகமத்தைப் பற்றி உண்மையில் எங்கே வேறுபடுகிறார்கள்?

மூன்று நிலைகள் உண்டு. முதலாவது, வேதம் எல்லா விடயத்திலும் பிழையற்றது, வரலாறும் இயற்கையும் உட்பட. 1978இல் சிக்காகோவில் கூடிய சுவிசேஷத் தலைவர்களின் அறிக்கை இதை விரிவாக எழுதியது. இரண்டாவது, நமது மீட்புக்காகக் கடவுள் சொல்ல நினைத்த உண்மையில் வேதம் தவறாது. 1965ஆம் ஆண்டு வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய ஆவணம் ஏறக்குறைய இப்படிப் பேசுகிறது. மூன்றாவது, கடவுளைச் சந்தித்த மனிதரின் சாட்சியே வேதம், அதில் அவர்கள் காலத்துக் குறைகளும் உண்டு. இதுவே லிபரல் நிலை.

ஓர் எடுத்துக்காட்டு. ஏசாயா 45இல் பாரசீக அரசன் கோரேசின் பெயர் வருகிறது. ஏசாயா வாழ்ந்தது கி.மு. 8ஆம் நூற்றாண்டு, கோரேசு 6ஆம் நூற்றாண்டு. பழமைவாதி இதைத் தீர்க்கதரிசனம் என்கிறார். கடவுள் நாளை நடப்பதை அறிவார் என்றால் பெயரை அறிவதில் என்ன தடை என்பது அவர் வாதம். விமர்சன ஆய்வாளர் 40ஆம் அதிகாரம் முதல் நடை, சூழல், கேட்போர் எல்லாம் மாறுவதைக் காட்டி, பாபிலோன் சிறையிருப்பின்போது வேறொருவர் எழுதியது என்கிறார். இரண்டு தரப்பும் ஒரே பக்கத்தைத்தான் வாசிக்கின்றன. முன்கூட்டியே எது சாத்தியம் என்று நம்புகிறோம் என்பதில்தான் பாதை பிரிகிறது.

இங்கே நம்மூரில் ஒரு தனிச் சிக்கல். "பழைய தமிழ் வேதாகமத்தில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது" என்று சிலர் எண்ணுகிறார்கள். பிழையின்மைக் கொள்கையைக் கண்டிப்பாகப் பிடிப்பவர்களே அதை மூலப்பிரதிகளுக்குத்தான் சொல்கிறார்கள், எந்த மொழிபெயர்ப்புக்கும் அல்ல. 1 யோவான் 5:7ஐப் பாருங்கள். பழைய திருப்புதலில் (மொழிபெயர்ப்பில்) பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள் என்று இருக்கும். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியத்தில் அந்த வரி அங்கே இல்லை. யாரும் திரித்துவத்தை வெட்டிவிடவில்லை. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி கிடையாது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட எராஸ்முஸ் 1516, 1519 பதிப்புகளில் அதை விட்டிருந்தார். எதிர்ப்புக் கிளம்பியதால் 1522 பதிப்பில் சேர்த்தார். அங்கிருந்து பல மொழிகளுக்கும் பரவியது. இதைப் பழமைவாத ஆய்வாளரும் ஒத்துக்கொள்கிறார்கள். ஆகவே வீட்டில் இரண்டு மொழிபெயர்ப்பு இருந்து வரிகள் ஒத்துப்போகாவிட்டால், உடனே "லிபரல் சதி" என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஆறு நாள் படைப்பும் அப்படித்தான். அதை 24 மணி நேர நாட்களாக எடுக்காதவரெல்லாம் லிபரல் அல்லர். 5ஆம் நூற்றாண்டிலேயே அகுஸ்தீனார் அந்த நாட்களைச் சாதாரண நாட்களாக வாசிக்கவில்லை.

கத்தோலிக்க வேதாகமத்தில் 73 நூல்கள், புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் 66 நூல்கள். இந்த வேறுபாடு வேறு ஒரு பழைய விவகாரம். இதில் லிபரல், பழமைவாதம் எதுவும் இல்லை.

லிபரல் கிறிஸ்தவர் இயேசு உயிர்த்தெழுந்ததை நம்புவதில்லையா?

பலர் நம்புகிறார்கள். உடலோடு எழுந்தார் என்பதை அனுபவ மொழியாக விளக்குபவர்களும் இருக்கிறார்கள். இலங்கைச் சபைகளில் லிபரல் என்று பேசப்படும் பெரும்பாலான குருவானவர்கள் ஞாயிறுதோறும் "மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார்" என்று சபையோடு சேர்ந்து அறிக்கையிடுபவர்கள். பவுல் 1 கொரிந்தியர் 15இல், கிறிஸ்து எழுந்திருக்காவிட்டால் எங்கள் பிரசங்கம் வீண் என்கிறார். இந்த இடத்தில் பழமைவாதிகளின் கவலை நியாயமானது என்றே நாங்கள் கருதுகிறோம். வேதநூல் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதில் விட்டுக்கொடுக்கலாம். இதில் விட்டுக்கொடுத்தபின் மிஞ்சுவது என்ன என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

கத்தோலிக்கத்துக்குள் எல்லை எங்கே என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. அமலமரித் தியாகிகள் சபைக் குரு திஸ்ஸ பாலசூரிய 1990இல் மரியாளையும் மனித விடுதலையையும் பற்றி எழுதிய நூலில் பிறப்புநிலைப் பாவம் போன்ற கோட்பாடுகளைக் கேள்விக்குட்படுத்தினார் என்று கூறி, 1997 ஜனவரியில் வத்திக்கான் அவரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கியது. ஓராண்டில், 1998 ஜனவரியில், அந்தத் தடை நீக்கப்பட்டது.

பெண்கள் போதகராகலாமா?

இதில் வழமையான கணக்கு தலைகீழாகும். கத்தோலிக்கத் திருச்சபை பெண்களுக்குக் குருத்துவம் வழங்குவதில்லை, 1994இல் இரண்டாம் யோவான் பவுல் அதை உறுதியாகச் சொன்னார். இலங்கை அங்கிலிக்கன் திருச்சபை 2006இல் பெண்களைக் குருக்களாக அபிஷேகம் செய்தது. தென்னிந்தியத் திருச்சபையில் 2013இல் புஷ்பா லலிதா பேராயரானார். இது வரை எதிர்பார்த்தபடிதான். ஆனால் கோட்பாட்டில் பழமைவாதமான பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் பெண்கள் தொடக்கத்திலிருந்தே பிரசங்கித்தார்கள். இலங்கையில் பெந்தெகொஸ்தே ஊழியத்தின் முன்னோடிகளில் ஒருவர், முன்னர் நாடக நடிகையாக இருந்த டென்மார்க் பெண்மணி அன்னா லெவினி. ஆவியானவர் யாரிலும் இறங்குவார் என்பது அவர்களுடைய நியாயம். பப்திஸ்து, பிரதரன் சபைகள் பல 1 தீமோத்தேயு 2:12ஐக் காட்டி மறுக்கின்றன. அனுமதிப்போர் ரோமர் 16இல் கெங்கிரேயாச் சபையின் ஊழியக்காரி பெபேயாளைக் காட்டுகிறார்கள்.

தைப்பொங்கல், பொட்டு, தாலி, கோயில் பிரசாதம்: இவற்றில் யார் என்ன சொல்கிறார்கள்?

திருகோணமலையில் இதுதான் அன்றாடக் கேள்வி. உயிர்த்தெழுதலைப் பற்றி யாரும் சண்டை பிடிப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பொங்கலைப் பற்றித்தான் பிடிக்கிறார்கள்.

கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் பெரும்பாலும் பொங்கலை அறுவடைக்கான நன்றியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆலய முற்றத்திலேயே பானை வைப்பதும் உண்டு. திருமணத்தில் சிலுவையோ புறாவோ பொறித்த தாலி ஆசீர்வதிக்கப்படுகிறது. பொட்டு பலருக்கு வெறும் அலங்காரம். சுதந்திர சபைகள் பலவற்றில் பொங்கல் சூரிய வழிபாடு, பொட்டு பழைய மதத்தின் அடையாளம், தாலிக்குப் பதில் மோதிரம் அல்லது அதுவும் இல்லை. சில பெந்தெகொஸ்தே சபைகளில் நகையே அணியமாட்டார்கள். இந்து சமயத்திலிருந்து புதிதாக வந்தவர் இந்தக் கண்டிப்பை விரும்பி ஏற்பதற்குக் காரணம் உண்டு: மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவராக இருப்பவருக்குப் பொட்டு ஒரு புள்ளி, போன வருடம் வரை நேர்த்தி வைத்துக் காவடி எடுத்தவருக்கு அது அப்படியல்ல. பழைய கிறிஸ்தவர்கள் இதை விளங்கிக்கொள்ளாமல் "ஓவராக நடக்கிறார்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

பிரசாதத்துக்கு வேதத்தில் நேரடிப் பகுதி உண்டு: 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை. பவுல் மூன்று சூழ்நிலைகளைப் பிரிக்கிறார். சந்தையில் விற்கும் இறைச்சியை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம். அயலவர் வீட்டு விருந்தில் வைப்பதைச் சாப்பிடலாம், ஆனால் இது படைத்தது என்று ஒருவர் சுட்டிச் சொன்னால் அவருக்காக விடுங்கள். வழிபாட்டுப் பந்தியில் உட்காராதீர்கள். அயலவர் மோதகத்தைத் தட்டில் வைத்து மதிலுக்கு மேலால் நீட்டினால் அது பெரும்பாலும் இரண்டாவது சூழ்நிலைக்குள் வரும். வாங்க மனச்சாட்சி இடந்தராவிட்டால் "வேண்டாம் அக்கா, கோவிக்காதேங்கோ" என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். வாங்கிப் பின்வளவில் கொட்டுவதுதான் மிகக் கெட்ட வழி. அதை அவர்கள் காண்பார்கள்.

செத்த வீட்டுக்குப் போவதை எந்தப் பொறுப்பான சபையும் தடுப்பதில்லை. வாய்க்கரிசி போடுவது, தீபத்துக்கு வணங்குவது போன்ற சடங்குகளில்தான் வேறுபாடு. சடங்கு நேரத்தில் ஓரமாக நின்று, மற்ற நேரம் கதிரை அடுக்கவும் தேநீர் கொடுக்கவும் நின்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. சுவாமிமலை உச்சியில் இருந்த கோணேசர் கோயிலை 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்தார்கள், சிலுவையின் பேரில். அந்த நினைவு இந்த ஊரில் ஆறிவிடவில்லை. எந்தக் கண்டிப்பான சபையில் இருந்தாலும், ஒலிபெருக்கியில் அயலவரின் தெய்வத்தைப் பேய் என்று சொல்வது இங்கே வேறு எடையோடு விழும்.

மற்ற மதத்தவர் மீட்படைவார்களா?

பழமைவாதப் புரட்டஸ்தாந்தர்: கிறிஸ்துவை அறிந்து ஏற்பவரே. கத்தோலிக்கம்: மீட்பு கிறிஸ்துவாலேயே, ஆனால் தம் குற்றமில்லாமல் அவரை அறியாதிருந்து நேர்மையாகக் கடவுளைத் தேடுபவரும் அதை அடையலாம். இந்த நிலையை 1964ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்க ஆவணத்தில் காணலாம். முழு லிபரல் நிலை: எல்லாச் சமயங்களும் ஒரே உண்மைக்கான வழிகள். கத்தோலிக்க நிலையை மூன்றாவதோடு கலந்து பேசுவது வழக்கமான பிழை.

கலப்புத் திருமணம், ஞானஸ்நானம்: நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?

ஞானஸ்நானத்திலிருந்து தொடங்குங்கள், பெரும்பாலான சிக்கல் அங்கேதான். கத்தோலிக்கம், அங்கிலிக்கன், மெதடிஸ்தம், தென்னிந்தியத் திருச்சபை நான்கும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கின்றன. தண்ணீரும், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரும் இருந்தால் ஒருவர் கொடுத்ததை மற்றவர் ஏற்பார். மெதடிஸ்தர் கத்தோலிக்கரானால் மறுபடி திருமுழுக்கு இல்லை. விசுவாச அறிக்கையும் உறுதிபூசுதலும் போதும். "இயேசுவின் நாமத்தில்" என்று மட்டும் சொல்லிக் கொடுக்கும் சபைகளின் ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கம் ஏற்பதில்லை. மறுதிசையில், பப்திஸ்து, பெந்தெகொஸ்தே, பிரதரன் சபைகள் குழந்தை ஞானஸ்நானத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. விசுவாசித்த பின் தண்ணீரில் முழுகி எடுக்க வேண்டும்.

இளைஞர் ஒருவர் பெற்றோருக்குச் சொல்லாமல் கடலில் முழுக்கு எடுத்துவிட்டு, பிறகு பழைய ஆலயத்தில் கலியாணம் கேட்கப் போகும்போது சண்டை வெடிக்கும். குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்று அறிக்கையிட்டவர் ஆயிற்றே என்று குருவானவர் தயங்குவார். முழுக்கு எடுக்க முன்னரே பழைய சபைக் குருவானவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் சம்மதிக்கமாட்டார், ஆனாலும் உறவு முறியாது.

கத்தோலிக்கர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற புரட்டஸ்தாந்தரை மணக்க ஆயரின் அனுமதி வேண்டும். ஞானஸ்நானம் பெறாத இந்து அல்லது பௌத்தரை மணக்க விதிவிலக்கே பெற வேண்டும். அது இல்லாமல் நடந்தால் திருச்சபைச் சட்டப்படி திருமணம் செல்லாது. கத்தோலிக்கத் தரப்பு, தன் விசுவாசத்தைக் காப்பதாகவும் பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதைச் செய்வதாகவும் வாக்குக் கொடுக்கும். மற்றவர் அதை அறிந்திருந்தால் போதும், அவர் கையெழுத்திட்டு வாக்களிக்க வேண்டியதில்லை. இந்த ஒரு விடயத்தைத் தெரியாமல் எத்தனையோ சம்பந்தம் குழம்பியிருக்கிறது. கொண்டுபோக வேண்டியவை: ஆறு மாதத்துக்குள் எடுத்த திருமுழுக்குச் சான்றிதழ், உறுதிபூசுதல் விபரம், திருமண ஆயத்த வகுப்புச் சான்று. ஓலை (ஆலயத்தில் திருமண அறிவித்தல்) வாசிக்கவும் கடிதங்கள் ஆயர் இல்லத்துக்குப் போய் வரவும் மூன்று மாதம் ஒதுக்குங்கள். மண்டபத்துக்கு முற்பணம் கட்டிய பின் பங்குத்தந்தையைச் சந்திக்கும் பழக்கத்தால்தான் கடைசி நேர ஓட்டம்.

புதிய சபையில் கலியாணம் என்றால், அந்த இடம் திருமணம் நடத்தச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பதிவாளர் முன் தனியாகப் பதிவு செய்யுங்கள். போதகர் ஜெபித்து மோதிரம் மாற்றியது மட்டும் அரச பதிவாகாது. பிள்ளையின் பிறப்பு அத்தாட்சி எடுக்கும் நாளில் அது தெரியவரும்.

விவாகரத்து, ஒருபாலீர்ப்பு பற்றி?

கத்தோலிக்கம் விவாகரத்தை ஏற்பதில்லை. திருமணம் தொடக்கத்திலேயே செல்லாததா என்று திருச்சபை நீதிமன்றம் விசாரிக்கும். புரட்டஸ்தாந்தரில் பலர் மத்தேயு 19:9ஐ வைத்து, துணை வேசித்தனம் செய்திருந்தால் மறுமணத்துக்கு இடங்கொடுப்பார்கள்.

ஒருபாலினத் திருமணத்தை இலங்கையில் பெரிய சபைகள் எதுவும் நடத்துவதில்லை. பிரித்தானிய மெதடிஸ்தம் 2021இல் அனுமதித்ததைக் காட்டி "உங்கள் சபையும் மாறிவிட்டது" என்று மெதடிஸ்தரிடம் சொல்பவர்கள் உண்டு. இலங்கை மெதடிஸ்த திருச்சபை 1964இலிருந்து தன்னாட்சி உடையது. அங்கே எடுக்கும் தீர்மானம் இங்கே கட்டுப்படுத்தாது. 2023 டிசம்பரில் வத்திக்கான் ஒருபாலின இணையருக்கு அனுமதித்தது வழிபாட்டுக்கு வெளியிலான ஆசீர்வாதம். திருமணக் கோட்பாடு மாறவில்லை. இப்படிப்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால், எந்த நிலைப்பாட்டில் இருந்தாலும், அதைப் "பேய் ஓட்டும்" கூட்டத்துக்கு இழுத்துப் போகாதீர்கள். பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நோய்க்கு ஜெபமா, மருந்தா?

இரண்டும். சுகமளிக்கும் ஊழியத்தை நம்புவது பழமைவாதம் என்றோ லிபரலுக்கு அது இல்லை என்றோ எண்ண வேண்டாம். கத்தோலிக்கத்தில் நோயில்பூசுதல் திருவருட்சாதனம், யாக்கோபு 5:14 அதன் அடி. ஆபத்து, "விசுவாசமிருந்தால் மருந்தை விடு" என்ற போதனையில். முதலாம் வகை நீரிழிவுக்காரர் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில் இரத்தம் அமிலமாகி மயக்கத்துக்குப் போவார். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரலாம். சயரோகத்துக்கு வழமையாக ஆறு மாத மருந்து. இருமல் நின்றதும் சுகமானது என்று இடையில் விட்டால், எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகத் திரும்பும், வீட்டாருக்கும் பரவும். சுகமானேன் என்று சபையில் சாட்சி சொல்ல விரும்பினால் முதலில் வைத்தியர் பரிசோதித்து அளவைக் குறைக்கட்டும். பவுலோடு பயணம் செய்த லூக்கா "பிரியமான வைத்தியன்" என்று கொலோசெயர் 4:14இல் எழுதியிருக்கிறது. கத்தோலிக்க வேதாகமத்தில் சீராக் 38ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது.

பழமைவாதக் கிறிஸ்தவர் அரசியலிலும் வலதுசாரியா?

அது அமெரிக்கக் கணக்கு. இங்கே பொருந்தாது. 1956 ஆகஸ்டில் திருகோணமலையில் மாநாடு கூட்டிக் கூட்டாட்சி கேட்ட தமிழரசுக் கட்சியின் தலைவர் செல்வநாயகம் புரட்டஸ்தாந்து கிறிஸ்தவர், பின்சென்றவர்களில் பெரும்பாலானோர் சைவர்கள். தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையை 1891இலேயே ஆதரித்துச் சுற்றுமடல் எழுதிய திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் கோட்பாட்டில் எந்த வகையிலும் லிபரல் அல்லர். யாழ்ப்பாணத்து மெதடிஸ்தர் டி. டி. நைல்ஸ் ஊர் ஊராகச் சுவிசேஷம் சொன்னவர், உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தலைமையிலும் இருந்தவர். அவரை எந்தப் பெட்டியில் போடுவது?

பிள்ளை கொழும்பிலோ கனடாவிலோ படித்துவிட்டு வேறு மாதிரிப் பேசுகிறது. என்ன செய்வது?

எதில் மாறியிருக்கிறது என்று கேளுங்கள். மேலே சொன்ன ஐந்தில் எது? "ஆதியாகமம் கவிதை" என்று சொல்லும் பிள்ளையும் "கடவுள் இல்லை" என்று சொல்லும் பிள்ளையும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே கூச்சலைப் போட்டால் முதலாவது பிள்ளை இரண்டாவதாக மாறும். அதே போல, கண்டிப்பான சபைக்குப் போய்ப் பாட்டி வைத்த சுரூபத்தை எடுக்கச் சொல்லும் பிள்ளைக்கு, வீடு பாட்டியுடையது என்பதை அமைதியாகச் சொல்லலாம். அதன் ஜெபத்தைக் கேலி செய்யாதீர்கள்.

சபை மாறத் தீர்மானித்தால்?

சொல்லாமல் மறைந்துவிடாதீர்கள். மெதடிஸ்தர் சேகர முகாமைக் குருவிடம், அங்கிலிக்கர் தங்கள் குருவானவரிடம், கத்தோலிக்கர் பங்குத்தந்தையிடம் நேரே போய்ச் சொல்லுங்கள். ஞானஸ்நான, உறுதிபூசுதல், திருமணப் பதிவுகளின் பிரதிகளை அப்போதே கேட்டு வாங்குங்கள். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் பல குடும்பங்கள் வீட்டிலிருந்த பத்திரங்களை இழந்த ஊர் இது. ஆலயப் பதிவேடு இருக்கும்போதே இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். கல்லறை நிலத்தில் குடும்பத்துக்கு இடம் இருந்தால், உறுப்புரிமை விட்ட பின் அந்த இடம் என்னாகும் என்பதையும் அன்றே கேளுங்கள். மரணம் நடந்த மறுநாள் அதைக் கேட்க நேர்ந்தால், கோபமும் அவசரமும் சேர்ந்து, பல வருடமாகப் பேசிப் பழகிய இரண்டு சபையாரும் கல்லறை வாசலில் நின்று வாக்குவாதப்பட வேண்டிவரும்.